சைவர்க்கு உகந்த படைக்கலை
(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருக்கோயிற் குடமுழுக்கு நாளிலே, திருநீறும் கண்டிகையும் விளங்கக் கூடியிருக்கும் இவ்வவையிலே, வாளையும் கோலையும் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். ஐயம் வேண்டா. கோயிலுள் புகுந்து கண் திறந்து நோக்குவார்க்குப் படைக்கலம் இல்லாத இடம் அரிது. மேலைச் சிதம்பரம் என்று போற்றப்பெறும் நம் பேரூர்த் திருக்கோயிலின் கனகசபையை எண்ணுங்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மரபினராகிய அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த அம்மண்டபத்துத் தூண்களிலே அகோர வீரபத்திரர் நிற்கின்றார். அக்கினி வீரபத்திரர் நிற்கின்றார். ஆனையை உரித்த பெருமான் நிற்கின்றான். ஆலங்காட்டுக் காளி நிற்கின்றாள். வாளும் கேடயமும் சூலமும் அங்கே கல்லிற் சுழல்கின்றன. அவ்வளவு படைக்கலங்களையும் கடந்து உள்ளே சென்றால், கூத்தப்பெருமான் திருக்கரங்களில் துடியும் தீயும் உள. ஒரு கரம் அஞ்சேல் என்று அமர்ந்துள்ளது. வாள் இல்லை, வேல் இல்லை. திருவடியின் கீழே முயலகன் கிடக்கின்றான். அவன் கொல்லப்பட்டவன் அல்லன். உயிரோடு அடங்கிக் கிடப்பவன். இதனை இப்பேச்சின் முடிவு வரை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

இக்காலத்துக் கோவை மாநகரில் வீதிக்கு வீதி படைக்கலைப் பயிற்சி நிலையங்கள் உள. சிலம்பம் ஒருபுறம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த களரி ஒருபுறம், கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ ஒருபுறம். சிவதீக்கை பெற்ற குடும்பத்துப் பெற்றோர், 'இவற்றுள் எதனைப் பிள்ளைக்குக் கற்பிக்கலாம்? எது நம் சமயக் கொள்கையோடு முரணாதது?' என்று கேட்கின்றனர். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் இதற்கு இருவகைத் தவறான விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. படைக்கலம் தொடுதலே கொலைக்கு வழி, சைவர்க்கு ஆகாது என்பது ஒன்று. எல்லாம் உடற்பயிற்சியே, எதுவாயின் என் என்பது மற்றொன்று. முன்னது நாயன்மார் வரலாற்றை அறியாதார் கூற்று. பின்னது உயிரின் இயல்பை அறியாதார் கூற்று.

நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவர் படைக்கலையை ஓதுவித்தலையே தொழிலாகக் கொண்டிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவர் ஏனாதிநாத நாயனார். கும்பகோணத்திற்கு அருகே இன்று ஏனநல்லூர் என வழங்கும் எயினனூர் அவர்தம் ஊர். ஈழக்குலச் சான்றார் மரபில் தோன்றியவர். அரசர்க்கு வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். அத்தொழிலால் வந்த ஊதியம் அனைத்தையும் அடியார் திருத்தொண்டிற்கே செலவிட்டார். வாள் கற்பித்துப் பெற்ற பொருள் அடியார் இலைக்குச் சோறாயிற்று. சேக்கிழார் பெருமான் அதனை இழிதொழில் என்று எங்கும் கூறினாரல்லர்.

அவ்வூரிலே அவர்தம் தாயத்தானாகிய அதிசூரன் என்பவனும் வாட்பயிற்சி ஆசிரியனே. அவனும் அக்கலையையே கற்றவன். அவனும் அதனையே கற்பித்தவன். நாயனாரிடம் மாணவர் பெருகப் பெருக, அவனது வருவாய் குறைந்தது. வருவாய் குறைந்தபோது அழுக்காறு வளர்ந்தது. சுற்றத்தாரைத் திரட்டிக்கொண்டு நாயனார் வாயிலில் நின்று போருக்கு அழைத்தான். நாயனாரும் தம் சுற்றத்தாரோடு வெளிப்போந்து பொருதார், வென்றார். அதிசூரன் உயிர் தப்பி ஓடினான். அன்றிரவு முழுதும் உறங்காது சூழ்ந்து, வஞ்சனை ஒன்றை வகுத்தான். 'நமக்குத் துணைவந்த சுற்றத்தார் வீணே மடிய வேண்டா. விடியற்காலையில் வேறோரிடத்தில் நாம் இருவர் மட்டும் பொருவோம்' என்று சொல்லியனுப்பினான். நாயனார் அதற்கு இசைந்து, தம் சுற்றத்தார் ஒருவருக்கும் அறிவியாமல் தனியே சென்றார்.

முன் ஒருநாளும் திருநீறு அணிந்தறியாத அதிசூரன், அன்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, அதனைக் கேடயத்தால் மறைத்து வந்தான். நாயனார் தமக்கு வாய்த்த இடம் நோக்கி வாளை ஓங்கி அணுகினார். அந்நொடியில் அவன் கேடயத்தை விலக்கினான். வெண்ணீறு தோன்றிற்று. 'இவர் சிவனடியார் ஆயினார். இனி இவர் எண்ணமே நிறைவேறுக' என்று நாயனார் நின்றுவிட்டார்.

இதுவரை பலரும் அறிவர். இதன்பின் வரும் நுண்மையே பெரிது. வாளையும் கேடயத்தையும் கீழே எறிந்துவிட நாயனார் முதலில் எண்ணினார். எண்ணியவர் அவ்வாறு செய்யவில்லை. 'படைக்கலம் இல்லாதவரைக் கொன்றார் என்னும் பழி இவரைச் சாருமே' என்று கருதி, வாளும் கேடயமும் கையில் இருக்க, எதிர்த்துப் பொருவார் போலக் காட்டி நேரே நின்றார். தம்மைக் கொல்ல வந்தவனுக்குப் பழி வாராமல் காத்தற்கும் அந்த வாட்கலையின் நிலையே அவருக்குப் பயன்பட்டது. வாளைப் பிடிக்கும் முறையைப் பல ஆண்டு பயின்ற கை, அடியாது பிடித்தலையும் பயின்றிருந்தது.

இங்கே ஒரு தடை எழும். எழுதல் இயல்பே. 'வஞ்சகன் நீறு பூசி வந்தால் சைவன் கழுத்தை நீட்ட வேண்டுமோ? இதனைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னால், அவர்கள் தம்மையும் காவார், பிறரையும் காவாரே' என்று கேட்பார் உளர். இதனை மழுப்பிச் செல்லுதல் நேர்மையன்று. விடை கொங்கு நாட்டிலேயே உண்டு.

கொங்குநாட்டுத் தேவாரத் திருப்பதிகள் ஏழனுள் ஒன்று கருவூர் ஆனிலை, இன்றைய கரூர். அங்கே எறிபத்த நாயனார் வாழ்ந்தார். அவர் கைப்படை மழு. சிவகாமியாண்டார் என்னும் முதியவர் பெருமானுக்குச் சாத்தக் கொண்டுசென்ற பூங்கூடையை, மாநவமியின் முன்னாளில், ஆன்பொருநையில் நீராடி வந்த பட்டத்து யானை பற்றிச் சிதறியது. முதியவர் பின்தொடர்ந்து ஓடினார், விழுந்தார், தரையில் மோதி அரற்றினார். அது கேட்ட எறிபத்தர் யானையையும், அதனைத் தடுக்காத பாகர் முதலிய ஐவரையும் மழுவால் வீழ்த்தினார். ஏனாதிநாதர் தம் பொருட்டு எழுந்த பகையில் வாளைத் தாழ்த்தினார். எறிபத்தர், தாமே எதிர்க்க ஆற்றாத ஒருவர் பொருட்டு மழுவை ஓங்கினார். இரண்டும் அன்பே. இருவர் செயலையும் ஒருசேர வைத்துக் கற்பியாது ஒன்றை மட்டும் கற்பிப்பவர், பிள்ளையைக் கோழையாகவோ முரடனாகவோ ஆக்குவார்.

எறிபத்தர் செயல் இன்றைய செவிக்குக் கடுமையானதே. பூக்கூடைக்கு ஐந்து உயிரா என்று நெஞ்சு துணுக்குறும். துணுக்குறாத நெஞ்சு இருந்தால் அதுதான் அஞ்சத்தக்கது. சேக்கிழாரும் கதையை அங்கே நிறுத்தவில்லை. புகழ்ச்சோழ மன்னர் படையோடு வந்தார். கொன்றவர் அடியார் என அறிந்து குதிரையினின்றும் இறங்கினார். 'பிழை என்னுடையது, என்னைக் கொல்லுதற்கு அம்மழு ஏற்றதன்று' என்று சொல்லித் தம் உடைவாளை நீட்டினார். மன்னர் தம்மையே மாய்த்துக்கொள்வாரோ என அஞ்சி வாளை வாங்கிய எறிபத்தர், 'இத்தகைய அன்பருக்குத் தீங்கு எண்ணினேனே' என்று அதனைத் தம் கழுத்திலேயே பூட்டினார். மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இறைவன் அருளால் யானையும் ஐவரும் எழுந்தனர். ஓங்கிய படை தன் கழுத்துக்கே திரும்பி வரும் அளவிற்கு உடனே பிழையுணரும் உள்ளம் உடையவர்க்கே, பிறர் பொருட்டுப் படை ஓங்கும் உரிமை உண்டு என்பது அங்கே தெளிவாகும்.

அம்மன்னரே பின்னொரு காலத்தில், திறை செலுத்தாத அதிகன் மீது படையேவினார். வென்ற படை கொணர்ந்த தலைகளுள் சடைத்தலை ஒன்றைக் கண்டார். நெருப்பு வளர்ப்பித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தி, தீயினுட் புகுந்தார். வெற்றிச் செய்தி வந்த அதே நாளில் நிகழ்ந்தது இது. கருவூர்ப் பக்கம் செல்வோர் ஆனிலைத் திருக்கோயிலிலே இவ்விருவரையும் நினைந்து வணங்கி வருக.

இனி எந்தக் கலை என்னும் கேள்விக்கு வருவோம். பிற சமயத்தாரும் இக்கேள்வியைத் தத்தம் முறையிலே எதிர்கொண்டுள்ளனர். சீக்கியரின் ஆறாம் குருவாகிய குரு அர்கோவிந்தர் 1606இல் இரண்டு வாள்களை அணிந்தார். ஒன்று உலகியல் ஆட்சியையும், மற்றொன்று அருளாட்சியையும் குறிப்பது. சப்பானிய நாட்டில் கானோ ஜிகோரோ என்பார் 1882இல் பழைய மற்போர் முறையினின்றும் உயிர்க்கேடு பயப்பனவற்றை விலக்கி ஜூடோவை அமைத்தார். அச்சொல்லின் ஈற்றிலுள்ள 'டோ' என்பதற்கு நெறி என்று பொருள். அந்நாட்டிலேயே உயெசிபா மொரிகெய் என்பார் தாம் சார்ந்த சமயக் கொள்கையின் வழிநின்று, எதிரியின் வேகத்தை அவனுக்கு ஊறின்றித் திருப்பிவிடும் ஐகிடோவை வகுத்தார். கொள்கைக்குத் தக்க கலை தேடிக் கிடைக்காதபோது தாமே அமைத்துக்கொண்டார் என்க. காஞ்சியினின்றும் சென்ற போதிதருமரே சீனத்துச் சாவோலின் மடத்திற்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நம் மேடைகளில் முழங்குகின்றனர். அது மிகப் பிற்காலத்து நூலினின்று எழுந்த செய்தி என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். பெரிய புராணம் வீட்டிலிருக்க, அயல்வீட்டில் கடன் வாங்குவானேன்?

நம் நாட்டுக் கலைகளைப் பார்ப்போம். சிலம்பம் மூங்கிற் கோலால் ஆடப்படுவது. கோல் நின்றவனது நெற்றி அளவினது. முறையறிந்த ஆசான் முதலில் கோலைக் கையில் கொடுப்பதில்லை. கால்மானம் அமைந்த பின்னரே கைவீச்சு. மண்ணைத் தொட்டு வணங்கி, ஆசானை வணங்கி, எதிர்நிற்பானையும் வணங்கிய பின்னரே ஆட்டம் தொடங்கும். எதிரியை வணங்கித் தொடங்கும் கலை சைவனுக்கு அந்நியமாகாது. உழவன் கையிலும் ஆட்டிடையன் கையிலும் இயல்பாக இருக்கும் கோலே இதன் படை என்பது மற்றொரு சிறப்பு. படைக்கலம் வாங்கப் பொருள் வேண்டுவதில்லை. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கோவை உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும், பதக்கத்திற்காகக் கற்கும் பிள்ளை மண்ணைத் தொடும் வணக்கத்தைக் கைவிரல் நுனியால் விரைந்து முடித்துவிடுகின்றது. ஆசான்மார் அவ்விடத்தில் சிறிது கடுமை காட்டுதல் நன்று.

களரி என்பது 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட, நிலமட்டத்திற்குக் கீழே தோண்டிய பயிற்சிக் களம். அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு கூடிய பூத்தறை அமைந்திருக்கும். அதனை வணங்காமல் பயிற்சி இல்லை. ஆகவே களமே ஒருவகைத் திருக்கோயில்.

தென்கோடியில் வழங்கும் வர்மக்கலையோ இன்னும் நுட்பமானது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்கள் என எண்ணுவர். அடிக்கும் இடம் அறிந்தவன் அடிபட்டானை எழுப்பும் இளக்குமுறையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அக்கலையின் கட்டளை. ஆசான்மார் மாணவனது குணத்தைப் பல ஆண்டு நோக்கிய பின்னரே மறைபொருளைத் திறப்பர். குணம் கண்டு ஐயுற்றால் திறவாமலே விட்டுவிடுவர். இஃது ஏறக்குறைய நம் தீக்கை முறையே. பக்குவம் நோக்கியே சத்திநிபாதத்தின் தரம் கூறுகின்றன நம் சாத்திரங்கள். பக்குவம் நோக்காமல், கட்டணம் நோக்கி மட்டும் எல்லாவற்றையும் எல்லார்க்கும் கற்பிக்கும் இடம் எதுவாயினும், அதன் பெயர் எவ்வளவு தமிழ்ப் பெயராயினும், அங்கே பிள்ளையை விடற்க.

சைவம் நால்வகை நெறி கூறும். சரியை நெறிக்கு உரியவன் உடலால் தொண்டு செய்பவன். அவனுக்குச் சிலம்பமும் மற்பயிற்சியும் இயையும். திருவிழாக் கூட்டத்தைக் காத்தற்கும், தேர்வடம் பிடித்தற்கும் அவன் தோள் உதவும். யோக நெறியில் நாட்டமுடையான் மூச்சையும் குறியையும் ஒருமுகப்படுத்தும் வில்லையோ வர்மத்தையோ நாடுவான். இதனை வரையறுத்த விதியாகக் கொள்ளற்க. ஆள் நோக்கிக் கலை தேர்தல் தகும் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே. முரட்டுத்தனம் மிக்க பிள்ளைக்கு அடிக்கும் கலையை மேன்மேலும் கொடுத்தல் எரியும் அடுப்பில் நெய் சொரிதல் போலும்; அவனுக்குப் பிடித்து அடக்கும் கலையைத் தருக. அஞ்சி ஒடுங்கும் பிள்ளைக்கோ கோலைக் கையில் கொடுத்து, பலர் நடுவே சுழற்றச் செய்க.

கொங்கு நாட்டார் இதற்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் கண்டவரே. கோவை இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர், இளமையில் அங்கே வீரமாருதி தேகப் பயிற்சிச் சாலையில் உடலை உரமாக்கியவர். பின்னர்த் திரைப்படத் துறையில் பெரும் பொருள் ஈட்டினார், 1978இல் மறைந்தார். மருதமலை முருகனுக்கு அவர் செய்த திருப்பணிகளைக் கோவை மக்கள் நன்கு அறிவர். பயிற்சிச் சாலைக்கு மாருதியின் பெயர், நெஞ்சிலோ முருகன். சாத்திரம் வல்லார் இதில் முரண் காணலாம்; மல்லர் காணார். தோளின் வலிமையும் ஈட்டிய செல்வமும் ஓர் அடிவாரத்தைத் தேடிச் சென்று இறங்கின என்பதே கருதத்தக்கது. ஏனாதிநாதர் ஊதியம் அடியார்க்குச் சென்றது போலவே இதுவும்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் தோன்றிய தீரன் சின்னமலையையும் இங்கே எண்ணாதிருக்க முடியாது. சிலம்பமும் வில்லும் வாளும் குதிரையேற்றமும் இளமையிலேயே பயின்றவர் என்று நாடு அவரைப் போற்றும். ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கும்பினியாரை எதிர்த்தார். 1805ஆம் ஆண்டு, ஆடித்திங்கள் 18ஆம் நாளில், சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். எறிபத்தர் நெறியின் உலகியல் வடிவம் அவரிடம் உண்டு: தமக்கென அன்று, நாட்டுக்கென எடுத்த வாள்.

பயில்வோர் உள்ளத்தில் நேரும் இடர் ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். எந்தப் படைக்கலையும் தொடக்கத்தில் ஆணவத்தை அடக்குவதில்லை, வளர்க்கவே செய்யும். மூன்று திங்கள் கோல் சுழற்றிய இளைஞன் நடையே மாறிவிடுகின்றது. பெற்றோர் இது கண்டு அஞ்சிப் பயிற்சியை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்த வேண்டா. ஆணவமலம் என்றும் உள்ளது, முத்தியிலும் அதன் பொருள் அழிவதில்லை, அதன் சத்தியே மடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. இங்கேதான் கனகசபையின் முயலகனை நினைக்க வேண்டும். அவன் இறந்திருந்தால் திருவடி அங்கே ஊன்றியிருக்க வேண்டுவதில்லை. சூரபதுமனும் அவ்வாறே. முருகன் வேல் அவனைப் பிளந்தது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலும் ஆயின. ஒன்று ஊர்தி, ஒன்று கொடி. எதிர்த்தவன் ஆற்றல் முழுவதும் ஆட்கொள்ளப்பட்டதே ஒழிய, சிறிதும் வீணாகவில்லை. மருதமலையிலும் சென்னிமலையிலும் சிவன்மலையிலும் பழனியிலும் நாம் வணங்குவது அவ்வேலையே.

எனவே, ஒரு கலையைத் தேரும்போது, இதில் எத்தனை அடி கற்பிப்பீர் என்று ஆசானைக் கேட்பதைவிட, தோற்ற மாணவனோடு நீர் எவ்வாறு பேசுகின்றீர் என்று ஒருநாள் இருந்து பார்ப்பது நலம். வென்ற பிள்ளையும் தோற்ற பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து நீர் அருந்துகின்றனரா என்று பார்க்க. அதிசூரன் சாலையிலும் வாள்வீச்சு திறமாகவே கற்பிக்கப்பட்டிருக்கும். அங்கே மாணவர் குறைந்தபோது ஆசிரியன் உறக்கம் இழந்தான். நாயனார் சாலையில் ஊதியம் மாலையிலேயே அடியார் பந்திக்குப் போய்விட்டது.

அந்த விடியற்காலையில் அதிசூரன் தன் எண்ணத்தை முடித்தான். சேக்கிழார் அவனைப் பற்றி மேலும் பேசவில்லை. இறைவன் வெளிப்பட்டு, பகைவன் கைவாளாலேயே நாயனாரது பாசத்தை அறுத்து, என்றும் பிரியாது உடனிருக்கும் பேற்றை அருளினான் என்று கூறி நிறுத்துகின்றார்.

புரட்டாசித் திங்கள் உத்திராடம் ஏனாதிநாத நாயனார் குருபூசை நாள். நம் திருக்கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையில் அவர் திருவுருவமும் உண்டு. பலரும் அவ்விடத்தைக் கைகூப்பியபடியே கடந்துவிடுகின்றனர். வரும் உத்திராடத்தன்று, இவ்வூரிலும் சுற்றுவட்டத்திலும் கோல் கற்பிக்கும் ஆசான்மார் தம் மாணவரை அழைத்து வந்து அவ்வுருவத்தின் முன் நிறுத்தி, ஒரு திருவிளக்கேற்றி, அந்த வரலாற்றை முழுதும் சொல்லிக்கேட்பிப்பார்களாயின், திருக்கோயிலார் அதற்கு வேண்டும் எண்ணெயும் திரியும் அளிக்கத் தடை சொல்லார்.

திருச்சிற்றம்பலம்.